நகம் பார்த்த இதயம்

பெய்பின் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பிய காலையில், டாக்ஸிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னது கோழிகளைப் பற்றித்தான்.

"கறுப்புக் கோழிக்குத் தனியாப் போடுங்க. மத்ததுங்க அதைத் தின்ன விடாது."

"சரி, சரி. ஏறு. மழை வருது," என்றார் கோல்மன் ஃபோலன்.

அவள் கால்வே ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருந்தாள். பிறகு இல்லை.

அடக்கத்தன்று எங்கள் நாக்பெக் ஊர் முழுவதும் சர்ச் வாசலில் வரிசையில் நின்று அவருடைய கையைப் பிடித்தது. ஒவ்வொருவரும் என்ன உதவி வேண்டும் என்று கேட்டார்கள். "என்னைச் சும்மா விட்டாப் போதும்" என்று அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். யாரையும் சும்மா விட்டுப் பழக்கமில்லாத ஊர் எங்களுடையது. ஆனால் அந்த முறை விட்டது. ஒரு வருடம் யாரும் அவர் கதவைத் தட்டவில்லை. கோல்மன் அவித்த முட்டையும் ரொட்டியும் தின்றார். நல்ல நாளில் படகில் போய் நண்டுக் கூண்டுகளைத் தூக்கிப் பார்த்தார். கெட்ட நாளில் கோழிகளிடம் வானிலையைப் பற்றிப் பேசினார்.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு முதல் நாள், சனிக்கிழமை, கூண்டிலிருந்த நண்டு ஒன்று அவருடைய இடது கை மோதிர விரலைப் பிடித்துக்கொண்டது.

படகில் கூட இருந்தவர் ஃபெஸ்டி. கோல்மனுக்குப் பள்ளிக்கூடக் காலத்து நண்பர். கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதனாலேயே கல்யாணம் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

"விரல் வீங்குதுய்யா," என்றார் ஃபெஸ்டி. "மோதிரத்தை இப்பவே எடுக்கலேன்னா அப்புறம் விரலோடதான் எடுக்கணும்."

"அதை நாப்பது வருஷமா கழட்டினதே இல்ல."

"நாப்பது வருஷமா உன்னை நண்டு கடிச்சதில்லை. கையைக் காட்டு."

தூண்டில் நூலை விரல் மேல் நெருக்கமாகச் சுற்றி, நுனியை மோதிரத்துக்கு அடியில் விட்டு, பின்பக்கமிருந்து இழுத்துப் பிரித்தார். மோதிரம் ஒவ்வொரு சுற்றாக ஏறி வந்து கையில் விழுந்தது. இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்திப் பிடித்திருக்கும், இதயத்தின் தலையில் கிரீடம். எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் இருக்கிற மோதிரம்தான். கை நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம் என்று ஞானஸ்நானம் முடிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இது கொஞ்சம் தேய்ந்து, கிரீடம் தொப்பி மாதிரி ஆகியிருந்தது.

"நாளைக்கு அவ பூசை. வெறும் விரலோட போக மாட்டேன்," என்றார் கோல்மன்.

"அப்ப வலது கையில போட்டுக்க. கடவுளுக்குப் புரியும்."

கோல்மன் அப்படியே செய்தார். மூக்குக் கண்ணாடி படகின் முன்பக்கத்து டப்பாவில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு நண்டே சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் பூசை நன்றாகவே நடந்தது. சமாதானம் சொல்லும் நேரத்தில் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் கை கொடுத்தார். முடிந்த பிறகு வாசலில் நின்று மீதி ஊருக்கும் கை கொடுத்தார். பெய்பினுக்காக இவ்வளவு பேர் வந்தார்களே என்று மனம் நிறைந்து வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை கதவு தட்டப்பட்டது.

டெல்யா நின்றிருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கணவனை இழந்து பல வருடம் ஆனவள். கையில் துணி மூடிய ஆப்பிள் டார்ட், இன்னும் சூடாக.

"ஒரு வருஷம் பொறுத்தாச்சு," என்றாள், அவரைத் தாண்டி உள்ளே நடந்தபடி. "இதுக்கு மேல என்னால முடியாது."

"எதுக்கு மேல?"

அவள் பதில் சொல்லாமல் சமையலறை அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு டப்பா தேயிலையும் ஒரு ஜாடி ஜாமும் இருந்தன. மூடினாள். அடுத்ததைத் திறந்தாள். அதில் கோழித் தீவனம்.

"இவ்வளவுதானா?"

"நான் ஒருத்தன்தானே."

"அது இனிமே நடக்காது," என்றாள் டெல்யா. பிறகு அவருடைய கைகளையே உற்றுப் பார்த்தாள். "இந்த வீக்கத்துக்கு உப்புத் தண்ணி வையுங்க. நான் இனிமே எல்லாத் திங்கக்கிழமையும் வருவேன். ஜன்னல் திரையையும் ஒரு நாள் துவைக்கணும்."

அவள் போன பிறகு கோல்மன் டார்ட்டில் ஒரு துண்டு வெட்டித் தின்றார். டார்ட் நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று மாலை பப்பில் ஃபெஸ்டியிடம் இதைச் சொன்னார். ஃபெஸ்டி கறுப்பு பீரை உதட்டுக்குக் கொண்டுபோனவர், நடுவழியில் நிறுத்திவிட்டார்.

"கையைக் காட்டு. அது இல்ல. மத்தது."

கோல்மன் வலது கையை மேசையில் வைத்தார்.

"யோவ், கடையைத் திறந்துட்டு உக்காந்திருக்கே."

"என்ன சொல்றே?"

"வலது கை. இதயத்தோட முனை நகத்தைப் பாத்து. நாம பதினெட்டு வயசுல டான்ஸுக்குப் போறப்ப இதை எப்படிப் போட்டுக்கிட்டுப் போவோம்? 'இடம் காலி, உள்ளே வரலாம்.' அதைத்தான்யா நீ போட்டிருக்கே."

கோல்மன் கையைத் தூக்கி விளக்கொளியில் பார்த்தார். இப்போது கண்ணாடி இருந்தது. இதயம் நகத்தைப் பார்த்துக்கொண்டு, யார் வந்தாலும் சரி என்பதுபோல் இருந்தது.

"இப்படியா நான் அவ வருஷப் பூசையில நின்னேன்?"

"நின்னே. நின்னது மட்டுமா? வாசல்ல நின்னு ஊர்ப் பொம்பளைங்க எல்லாருக்கும் கை குடுத்தே."

கோல்மன் அதற்குப் பிறகு பீரைத் தொடவில்லை. கல்யாணத்தன்று அந்த மோதிரத்தை இடது கைக்கு மாற்றி, முனையை மணிக்கட்டுப் பக்கமாகத் திருப்பி வைத்தவள் பெய்பின். "இனி இது என் பக்கம் பாத்துக்கிட்டுக் கிடக்கட்டும்" என்று சொல்லித்தான் திருப்பினாள். அது அவளுடைய பூசையிலேயே வேறு பக்கம் பார்த்துவிட்டது.

"விடு," என்றார் ஃபெஸ்டி. "திருப்பிப் போட்டுக்க. வலது கையில உள்பக்கம் பாத்திருந்தா, 'மனசு ஒருத்திகிட்ட இருக்கு'ன்னு அர்த்தம். அது உண்மைதானே?"

உண்மைதான். கோல்மன் அங்கேயே திருப்பிப் போட்டார்.

புதன்கிழமை மத்தியானம் அட்ராக்டா டீச்சர் வந்தார். ஓய்வு பெற்று வெகுகாலமாகியும், ஊரில் பாதிப் பேர் இன்றும் அவர் முன்னால் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். கல்யாணம் ஆகாதவர். கையில் ஒரு பானை மீன் சூப்.

கோல்மன் இந்த முறை தயாராக இருந்தார். மேசையில் உட்கார்ந்து, வலது கையை விரல்கள் விரிய நடுவில் வைத்தார். சந்தையில் மீனைப் பரப்புவது போல் இருந்தது.

"கையை எடுங்க. தட்டு வைக்கணும்," என்றார் டீச்சர்.

எடுத்தார். டீச்சர் சூப்பை ஊற்றினார். கோல்மன் மறுபடி கையை வைத்தார்.

"கை வலிக்குதா?"

"இல்ல டீச்சர். ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடறேன். தப்பா எடுத்துக்கக் கூடாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் மனசு ஒருத்தர்கிட்ட இருக்கு."

"எனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சர், கரண்டியை அவர் பக்கம் நகர்த்தியபடி. "அதனாலதானே நான் வந்தேன். ஆறிடும், சாப்பிடுங்க."

கோல்மன் சாப்பிட்டார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சர் இதற்குள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தார். "இதை எடுத்துட்டுப் போறேன். ஓரம் பிரிஞ்சிருக்கு."

"அது பெய்பின் தைச்ச காலர்."

"அவ தையல் எனக்கு அடையாளம் தெரியும். பிரிக்க மாட்டேன். அது மேலயே ஒரு தையல் ஓட்டித் தரேன்."

"டெல்யா... திங்கக்கிழமை வந்தாங்க," என்றார் கோல்மன். ஒருத்தியைச் சொல்லி இன்னொருத்தியை விரட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியிருந்தது.

"தெரியுமே. நாங்க பேசி முடிவு பண்ணிக்கிட்டோம். அவளுக்குத் திங்கள். எனக்குப் புதன்."

கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீச்சர் கிளம்பினார். பெருங்காற்று வரப்போகிறது என்று வானொலி சொல்வதைக் கேட்பது போல் கோல்மன் அவர் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழமையைப் பிரிச்சுக்கிட்டாங்களா?" ஃபெஸ்டிக்கு அன்று மாலை பப்பில் சந்தோஷம் தாங்கவில்லை. "டீச்சருமா? என்னை அஞ்சாம் வகுப்புல முட்டி போட வைச்ச டீச்சரா?"

"சிரிக்காதே. நீ சொன்னதைத்தான் செஞ்சேன். திருப்பிப் போட்டேன். வாயாலயும் சொன்னேன். 'அதனாலதான் வந்தேன்'ங்கறாங்க."

ஃபெஸ்டி யோசித்தார். "தப்பு என்னன்னா, மனசு ஒருத்திகிட்ட இருக்குன்னு சொன்னே. யார்கிட்டன்னு சொல்லலை. கேக்கறவங்க தன்கிட்டன்னுதான் எடுத்துப்பாங்க. டீச்சர் வேற. தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நினைக்கற ஆளு."

"இப்ப என்ன பண்றது?"

"பழைய இடத்துக்கே போகணும். இடது கை, உள்பக்கம். கல்யாணம் ஆனவன். அதோட பேச்சு முடிஞ்சுது."

"வீக்கம் இன்னும் இருக்கே."

"பாதி வடிஞ்சிருக்கு." ஃபெஸ்டி கடைக்காரர் பக்கம் திரும்பினார். "வாத்துக் கொழுப்பு இருக்காய்யா, ஒரு கரண்டி?"

இருந்தது. ஃபெஸ்டி எதிரே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மோதிரத்தைத் திருகித் திருகி ஏற்றினார். மூட்டு வரை வந்தது. கோல்மனின் கண்ணில் தண்ணீர் வந்தது. மூட்டைத் தாண்டிப் பாதி போனது. அங்கே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, சுற்றவும் இல்லை.

"பரவால்ல," என்றார் ஃபெஸ்டி. "இதயம் சரியா இருக்கு. பாரு, முனை உள்பக்கம்."

"உன் உள்பக்கம்," என்றார் கோல்மன்.

ஃபெஸ்டி எழுந்து சுற்றி வந்து, கோல்மனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். எதிரே உட்கார்ந்து போட்டதில் எல்லாம் தலைகீழாகியிருந்தது. முனை நகத்தைப் பார்த்தது. இடது கை, வெளிப்பக்கம்.

ஃபெஸ்டி இன்னொரு முறை திருகிப் பார்த்தார். மோதிரம் அசையவில்லை.

"நிச்சயம் ஆயிடுச்சு, கல்யாணம் இன்னும் ஆகலைன்னு அர்த்தம்," என்றார் ஃபெஸ்டி, மெதுவாக.

"அர்த்தம் எனக்குத் தெரியும்."

கடைக்காரர் கொழுப்புக் கிண்ணத்தை எடுத்துப்போக வந்தவர், விரலைப் பார்த்தார், கோல்மனைப் பார்த்தார். "கல்யாணச் சாப்பாடு நம்ம கடையிலதானே?" என்றார்.

வியாழக்கிழமை விடிந்தபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கால்வேயில் நகைக் கடைக்குப் போய் மோதிரத்தை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. பஸ்ஸுக்குப் போகலாம் என்று கோல்மன் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது வெளியே ஹாரன் கேட்டது.

மரியோனா. ஊரில் டாக்ஸி ஓட்டுகிறவள், நாற்பதைத் தொடுகிற வயது. பெய்பினை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள் வண்டிதான்.

"அண்ணே, வாங்க. டவுனுக்குப் போயிட்டு வரலாம்."

"நான் உன்னைக் கூப்பிடலையே."

"கூப்பிட மாட்டீங்கன்னுதான் வந்தேன். எனக்கு வியாழன்தான் கெடச்சுது."

இவளுமா? இவள் அவருடைய மகளாக இருக்கக்கூடிய வயது. அவர் பின்கதவைத் திறந்தார்.

"முன்னாடி வாங்கண்ணே. பின்னாடி முழுக்க மீன் பெட்டி."

முன்னால் உட்கார்ந்தார். கதவோடு ஒட்டி உட்கார்ந்தார். வீங்கிய கையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கோட்டும் தினசரிக் கோட்டுதான், நல்லது டீச்சரிடம் இருந்தது. மரியோனா மீட்டரைப் போடவில்லை. அதையும் கவனித்தார். வழியெல்லாம் அவள் மத்தியானம் எங்கே சாப்பிடலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள். அவர் மழையைப் பற்றி மட்டும் பதில் சொன்னார்.

நகைக் கடையில் இளைஞன் ஒருவன், கண்ணில் சின்னக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலைக் குனிந்து பார்த்தான்.

"இடது கை, வெளிப்பக்கம்," என்றான். "வாழ்த்துகள், ஐயா." பிறகு நிமிர்ந்து மரியோனாவைப் பார்த்துச் சிரித்தான். "கல்யாணப் பொண்ணு இவங்களா?"

"இது டாக்ஸி," என்றார் கோல்மன்.

மரியோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"வெட்டாம எடுக்க முடியாதா?" என்று கேட்டார் கோல்மன்.

"இன்னும் ஒரு நாள் விட்டா டாக்டர்கிட்டதான் போகணும். பயப்படாதீங்க. கை, இதயம், எதையும் தொட மாட்டேன். பின்பக்கம் வளையத்துல ஒரு வெட்டு. அப்புறம் கொஞ்சம் பெரிசாக்கி ஒட்டிடலாம்."

சின்னச் சக்கரம் ஒன்று சத்தமில்லாமல் சுற்றியது. இளைஞன் மோதிரத்தை இரண்டு பக்கமும் விரித்து எடுத்தான். விரலில் அது இருந்த இடம் வெளுத்து, ஆழமாக, வேறொருவருடைய தோல் போல இருந்தது. கோல்மன் அதைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.

"அடுத்த வியாழன் வாங்க."

"வியாழன்னா சரி," என்றாள் மரியோனா. "அது எங்க நாள்தான்."

திரும்பி வரும்போது கடற்கரைச் சாலையில் மழை தூறலாகக் குறைந்திருந்தது. கோல்மன் வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எந்த இடத்திலும் எதுவும் இல்லை. நாற்பது வருடத்தில் இவ்வளவு காலியாக அவர் ஊருக்குள் நுழைந்ததில்லை. மெயின் ரோடு வழியாகப் போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"மரியோனா, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. வலது கை, வெளிப்பக்கம்னா ஆள் வேணும். உள்பக்கம்னா ஆள் இருக்கு. இடது கை, வெளிப்பக்கம்னா நிச்சயம். உள்பக்கம்னா கல்யாணம் ஆயிடுச்சு. மொத்தம் இருக்கறது நாலே இடம். இந்த வாரம் நான் மூணுல நின்னு பாத்துட்டேன். அவ இல்லாம நான் மட்டும் இருக்கேனே, இதுக்கு எந்தக் கை? எந்தப் பக்கம்? மோதிரம் செஞ்சவன் இதை யோசிக்கவே இல்ல."

மரியோனா வேகத்தைக் குறைத்தாள்.

"நீ நல்ல பொண்ணு. டெல்யா நல்லவங்க. டீச்சரும் நல்லவங்க. ஊரே நல்ல ஊரு. கண்ணாடி இல்லாம நான் அவ பூசையில மோதிரத்தைத் தப்பாப் போட்டது என் தப்பு. அதைப் பாத்துட்டு நீங்க மூணு பேரும் வந்ததுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு யாரும் வேண்டாம். அவ எங்க இருந்தாலும் நான் அவ புருஷன். இதை அவங்க ரெண்டு பேர்கிட்டயும் நீயே சொல்லிடு. டீச்சர்கிட்ட சொல்ல எனக்கு பயமா இருக்கு."

மரியோனா கடல் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தாள். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. அவள் சிரிக்கிறாளா வேறு ஏதாவதா என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க மோதிரம் எந்தக் கையில எந்தப் பக்கம் பாத்துதுன்னு எங்கள்ல ஒருத்தரும் பாக்கவே இல்ல. பெய்பின் அக்கா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எங்க மூணு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கினாங்க: 'ஒரு வருஷம் அவரை அவர் போக்குல விட்டுடுங்க, அதுக்கப்புறம் ஆளுக்கொரு நாள் போய்ச் சோறு போடுங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க, ஆனா ஒருத்தியும் கட்டிக்க மட்டும் கூடாது, அவரு என் புருஷன்'னு."